பனிமேல் நின்ற போன்டியாக்

காரைத் துடைப்பதற்குக் கைக்குழந்தைக்குக் கட்டுகிற பழைய பருத்தித் துணியைப் போல நல்லது வேறொன்றும் கிடையாது. கடையில் விற்கிற மஞ்சள் துணி, தோல் துணியெல்லாம் சும்மா. பல தடவை துவைத்து, நூல் தளர்ந்து, தொட்டால் வழுக்கிக்கொண்டு போகிற துணியாக இருக்க வேண்டும். என் தம்பி கர்ட்டுக்குக் கட்டிய துணிகளை அம்மா ஒரு பெட்டியில் போட்டு வைத்திருந்தாள். அவன் என்னைவிட ஒன்பது வயது சின்னவன். எனக்கு இருபது வயதானபோது அந்தப் பெட்டி முழுவதும் என் கைக்கு வந்தது, காருக்காக.

நீங்கள் கேட்டது இதை அல்ல என்று தெரியும், ஷெரிஃப். கர்ட் ஏரியில் எப்படிச் செத்தான் என்பதுதான் உங்களுக்கு வேண்டும். சொல்கிறேன். ஆனால் காரில் ஆரம்பிக்காமல் வேறெங்கே ஆரம்பித்தாலும், நான் ஏதோ மனசில் கறுவிக்கொண்டு அலைந்தவன் மாதிரி ஆகிவிடும். அப்படி எதுவும் இல்லை. எனக்கும் அவனுக்கும் பெரிய சண்டை என்று ஒருநாளும் வந்ததில்லை. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அறுபத்தாறாம் வருடத்துப் போன்டியாக் ஜி.டி.ஓ. கருநீலம். காகித ஆலையில் ராத்திரி ஷிப்டாகவே பார்த்துச் சேர்த்து வாங்கினது. எட்டு சிலிண்டர், மேலே மூன்று கார்புரேட்டர். சாவியைத் திருப்பினால் லேசில் கிளம்பாது. முதலில் ஒரு இருமல், அப்புறம் ஒரு முனகல், அப்புறம்தான் அடிவயிற்றிலிருந்து அந்தச் சத்தம் வரும். சமையலறை அலமாரியில் கோப்பையெல்லாம் கிடுகிடுக்கும். "அந்தச் சனியனத் தள்ளிட்டுப் போயி ரோட்டுல கெளப்பேண்டா" என்று அம்மா கத்துவாள். கத்திவிட்டு ஜன்னலோரம் வந்து நின்று, கார் வளைவில் மறைகிற வரைக்கும் பார்ப்பாள்.

அந்தக் காரின் சந்தோஷமெல்லாம் இடது காலில் இருந்தது. இதை ஓட்டினவனுக்குத்தான் சொல்லிப் புரிய வைக்க முடியும். கிளட்ச் முரடு, மிதித்தால் தொடை நடுங்கும். மெல்ல விடும்போது ஒரு இடம் வரும், அது பாதத்துக்கு மட்டும்தான் தெரியும். அங்கே வந்ததும் கார் மூச்சை இழுத்துப் பிடிக்கும். அதைத் தாண்டினால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும், ரோட்டின் இரண்டு பக்கத்துப் பைன் மரங்களும் ஒரே சுவராகிவிடும்.

சனிக்கிழமை சாயங்காலம் மார்லிஸை ஏற்றிக்கொண்டு ஏரியைச் சுற்றி வருவேன். அவள் தலையில் துணி கட்டிக்கொண்டு, ஜன்னலை இறக்கிக் கையை வெளியே விட்டுக்கொண்டு வருவாள். பின்சீட்டில் கர்ட். காதலியோடு போகிறவனுக்குத் தம்பி எதற்கு என்று கேட்பீர்கள். விட்டுவிட்டுப் போனால் அவன் அழுவான். அவன் அழுதால் எனக்குத் தாங்காது. எப்போதுமே தாங்காது.

"இன்னும்ணே, இன்னும் கொஞ்சம் மிதிண்ணே" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்துவான்.

"இந்த வாலுக்குப் பயம்னு ஒண்ணு வச்சே படைக்கலியா?" என்று மார்லிஸ் சிரிப்பாள்.

பனிக்காலத்தில் அந்தக் காரை நான் ஒரு தடவைகூட வெளியே எடுத்ததில்லை. எங்கள் விஸ்கான்சினில் ரோட்டில் உப்பு கொட்டுவது உங்களுக்குத் தெரியாததா? அந்த உப்பு எப்பேர்ப்பட்ட இரும்பையும் தின்றுவிடும். இலை உதிர்ந்து முடிகிறபோதே கொட்டகைக்குள் கொண்டுபோய், டயர் தரையில் படாமல் கட்டைமேல் ஏற்றி, போர்வை போட்டு மூடிவிடுவேன். பனி என்றால் என்னவென்றே அந்தக் காருக்குத் தெரியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நாலு கோடைக்காலம் ஓட்டினேன். அப்புறம் ஆலையில் ஒரு காகிதச் சுருள் தடுப்பை மீறிக்கொண்டு உருண்டு வந்தது. நான் ஒதுங்கியிருக்க வேண்டும், ஒதுங்கவில்லை, அவ்வளவுதான். முழங்காலுக்குக் கீழே இடது கால் போயிற்று. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது மார்லிஸ் இல்லை, கிளட்ச். அதை மறைக்காமல் அவளிடமே சொன்னேன், வேடிக்கையாக எடுத்துக்கொள்வாள் என்று. அவள் எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது அவளுக்குப் புருஷன், பிள்ளைகள், கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடை எல்லாம் இருக்கிறது. நன்றாக இருக்கட்டும்.

கார் கொட்டகையிலேயே நின்றுவிட்டது. நான் தினம் போய் அதில் உட்காருவேன். இதில் பைத்தியக்காரத்தனம் ஒன்றும் இல்லை. சர்ச்சில் போய்ச் சிலர் சும்மா உட்காருவதில்லையா, அந்த மாதிரி. ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், இல்லாத பாதம் கிளட்ச்மேல் இருக்கிற மாதிரியே தெரியும். அந்த இடம்கூடத் தெரியும், மூச்சை இழுத்துப் பிடிக்கிற இடம். வீட்டுக்குள் கட்டைக்காலை மாட்டிக்கொண்டு நடக்கும்போதுதான் நான் நொண்டி. காரில் உட்கார்ந்தால் நான் முழு ஆள். பத்து வருடம் அப்படித்தான் ஓடிற்று.

அம்மா போன பிறகு கர்ட்தான் எல்லாம். சமையல் அவன், துணி துவைப்பது அவன், வாசலில் பனி தள்ளுவது அவன். என் காலின் வெட்டு முனையில் புண் வந்தால் அவனே மண்டியிட்டுக் கழுவி மருந்து போடுவான். இருபத்தைந்து வயது, பார்க்க லட்சணமானவன், கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. "ஒன்னைய எவ கட்டிக்கிட்டு மாரடிக்கிறது, அதான் நானே கட்டிக்கிட்டேன்" என்பான். கிளட்ச் இல்லாத கார் ஒன்றை எனக்காக வாங்கி வந்து நிறுத்தினான். வலது கால் போதுமே என்றான். அதைக் கார் என்று யார் சொல்வார்கள்? அது சக்கரம் வைத்த சோபா. நான் அதில் ஏறவே இல்லை.

என்னால் ஓட்ட முடிந்தது பனிவண்டி ஒன்றைத்தான். பைக் மாதிரி உட்கார்ந்து பனிமேல் ஓட்டுவது, முடுக்குவது நிறுத்துவது எல்லாமே கையில். அதை வைத்துக்கொண்டு ஊருக்கு நான் ஒரு வேலை செய்து வந்தேன். நீங்கள் இந்த ஊர்க்காரர் இல்லை என்பதால் சொல்கிறேன். ஏரி உறைந்ததும் அதன்மேல்தான் எங்களுக்கு ரோடு. மீன் பிடிக்கிறவர்கள் லாரியோடு போவார்கள். காற்றடித்தாலோ மூடுபனி இறங்கினாலோ கரை தெரியாது, வானம் தெரியாது. அதனால் புது வருடம் பிறந்ததும் வீடுகளில் தூக்கிப்போடுகிற கிறிஸ்துமஸ் மரங்களை வாரிக்கொண்டு போய், பனிக்கட்டியில் துளைபோட்டு, பாதை நெடுக நட்டு வைப்போம். மரத்துக்கு மரம் பார்த்துப் போனால் போதும், பத்திரமாகப் போய்ச் சேரலாம். ஆறு வந்து ஏரியில் விழுகிற இடத்தில் அடியில் ஓட்டம் இருக்கிறது. அங்கே ஐஸ் எப்போதும் மெலிசு. மரங்கள் அதைச் சுற்றி ஒரு பெரிய வளைவாகப் போகும். அந்த வளைவு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதை வருடா வருடம் துளைபோட்டுப் பார்த்து முடிவு செய்கிறவன் நான், வசந்தத்தில் மரங்களைப் பிடுங்கி எடுக்கிறவனும் நான்.

"எங்கண்ணன் நட்ட தோப்பு, தண்ணியே ஊத்த வேணாம்" என்று கர்ட் எல்லாரிடமும் பெருமையடிப்பான்.

இந்த வருடம் ஜனவரியில் மரம் நட்டு முடித்த கையோடு என் புண் பெரிதாகிவிட்டது. கொட்டகைக் குளிரில் காரில் உட்கார்ந்து உட்கார்ந்து சதை செத்துவிட்டது என்றார் டாக்டர். இன்னும் கொஞ்சம் மேலே வெட்ட வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியில் கிடந்தேன், பிப்ரவரி பாதி வரைக்கும். கர்ட் ஒருநாள் விடாமல் வந்தான். சூப் கொண்டு வருவான், நகம் வெட்டிவிடுவான். காரைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. நான் கேட்டால், "அது எங்க போயிடப் போகுது" என்பான்.

வீட்டுக்கு வரும்போது ஏரிக்கரைக்கு முன்னாலேயே லாரியை ஓரங்கட்டினான். எஞ்சினை அணைத்தான்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். கத்தக் கூடாது."

"சொல்லு."

"கார எல்மர்கிட்டக் குடுத்துட்டேன்."

எல்மர் எங்கள் ஊர்த் தீயணைப்புப் படைத் தலைவர். சம்பளமில்லாத படை, கர்ட்டும் அதில் இருந்தான். வருடா வருடம் அவர்கள் ஒரு பழைய காரை ஏரி நடுவில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். வசந்தத்தில் ஐஸ் உருகி அது என்றைக்கு உள்ளே போகும் என்று நாள் குறித்து ஊர் முழுக்கப் பந்தயச் சீட்டு வாங்கும். காரிலிருந்து கரைக்கு ஒரு கயிறு வரும், கடிகாரத்துக்கு. கார் போனதும் கயிறு இழுபட்டுக் கடிகாரம் நிற்கும். சரியாகச் சொன்னவனுக்குப் பரிசு, மிச்சத்துக்குத் தண்ணீர்க் குழாய் வாங்குவார்கள். அப்புறம் சங்கிலி போட்டு இழுத்துக் காயலான் கடைக்குத் தள்ளுவார்கள். எல்லாம் நல்ல காரியம்தான்.

"டாக்டர் என்ன சொன்னாருன்னு ஒனக்குத் தெரியாது" என்றான் கர்ட். "இன்னொரு குளிர் நீ அதுல ஒக்காந்தீன்னா தொடையோட போயிடும்னாரு. நான் என்ன பண்ணட்டும்? கொட்டாய்க்குப் பூட்டுப் போட்டா ஒடப்ப. வித்தா தேடிட்டுப் போவ. அது உன்னைய உயிரோட திங்குதுண்ணே. நீ என்னைய அடிச்சுக்கூடப் போடு. ஆனா நீ எனக்கு வேணும்."

அழுதான். எனக்குத் தாங்காது என்றேனே. நான் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். "சரி விடு" என்றேன். அப்படிச் சொன்னது உண்மை, ஷெரிஃப்.

லாரி வளைவைத் தாண்டியதும் பார்த்தேன். வெள்ளை ஏரி நடுவே அது நின்றது. ஆரஞ்சு நிறத்தில் பெயின்ட் அடித்திருந்தார்கள், தூரத்தில் தெரிய வேண்டுமாம். பக்கவாட்டில் தீயணைப்புப் படையின் பெயர். எஞ்சினைக் கழற்றி வெளியூர்க்காரன் எவனிடமோ கொடுத்துவிட்டார்கள். பனி என்றால் என்னவென்று தெரியாத கார் அது.

அந்த வெள்ளிக்கிழமை மார்லிஸ் கடையில் மீன் வறுவலுக்கு ஊரே கூடியிருந்தது. எல்மர் ஒரு மூலையில் உட்கார்ந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். நான் போய்க் கேட்டேன். கெஞ்சினேன் என்றுகூடச் சொல்லலாம். என்னுடைய சோபா காரை எடுத்துக்கொள்ளுங்கள், அதை நிறுத்துங்கள், என் காரை விட்டுவிடுங்கள் என்றேன்.

"ஏம்ப்பா ஆர்லன், வெவரம் புரிஞ்சுதான் பேசுறியா?" என்றார். "பாதி ஊரு சீட்டு வாங்கிருச்சு. இப்பக் கார மாத்தினா எல்மர் தில்லுமுல்லு பண்றான்னு என் தோல உரிச்சிடுவானுங்க. வச்சது வச்சதுதான். தொடக் கூடாதுன்னா யாரும் தொடக் கூடாது, நீயும்தான்."

"அது என் காருங்க."

"ஒந்தம்பி கையெழுத்துப் போட்டுக் குடுத்தான்ல? அப்புறமென்ன? பெருந்தன்மையா இருப்பா. செத்த பொணத்த எத்தன நாளு வீட்டுல வச்சிருப்ப?"

பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். மார்லிஸ் தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "நீயும் ஒரு சீட்டு வாங்கேன் ஆர்லன். அதோட வெயிட்டு ஒன்னவிட யாருக்குத் தெரியும்?" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளுக்கு எப்போதும் வாய் கொஞ்சம் நீளம். நான் மீனைச் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் ஏரிதான். மார்ச் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பனி பெய்தால் காரின் கூரைமேல் பெய்யும். வெயிலடித்தால் சக்கரத்தைச் சுற்றிக் குட்டை கட்டும். மறுபடி உறையும். தினம் கொஞ்சம் இறங்கும். முன்பக்கத்து இடது சக்கரம் முதலில் இறங்கிற்று. அந்தப் பக்கத்தில்தான் கிளட்ச். நீங்கள் வேண்டியவர் யாரையாவது படுக்கையில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? போய்விடும் என்று தெரியும், என்றைக்கு என்றுதான் தெரியாது. பக்கத்தில் போகவும் விட மாட்டார்கள். அதற்குச் சீட்டு வேறு போட்டிருப்பார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. கர்ட் தட்டுத் தட்டாக மாற்றி வைப்பான். முட்டை வேண்டாமென்றால் உருளைக்கிழங்கு, அதுவும் வேண்டாமென்றால் ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொண்டு வருவான். நான் எலும்பாகிக்கொண்டு வந்தேன். அவன் பயந்துவிட்டான்.

"ஒனக்கு என்னதான் வேணும், சொல்லித் தொல" என்றான் ஒருநாள்.

"ஸ்டீரிங்" என்றேன்.

அதை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது. தொடக் கூடாது என்ற விதி அவனுக்கும்தானே. படையில் இருப்பவன் வேறு. மாட்டிக்கொண்டால் ஊரில் தலைகாட்ட முடியாது.

"ஸ்டீரிங் இல்லேன்னா மூழ்க மாட்டேன்னு அடமா புடிக்கப் போவுது?" என்றான் கடைசியில். "மூடுபனி வரட்டும். எடுத்தாறேன்."

ஏப்ரல் பிறந்ததும் ஒரு காலையில் வந்தது. ஐஸ்மேல் வெதுவெதுப்பான காற்று அடித்தால் வருமே, அந்த மாதிரி மூடுபனி. ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை.

"அண்ணே, வெளிய பாரு. பாலக் கொட்டுன மாதிரி இருக்கு. இன்னிக்கு எல்மருக்கு அவரு மூக்கே தெரியாது" என்று ஸ்பானர்களைப் பொறுக்கிப் பையில் போட்டான். சந்தோஷமாக இருந்தான். "கழட்டியாந்து ஒம் மடியில வைக்கிறேன். வாய மூடிட்டு ஒழுங்கா சாப்புடுவியா?"

"சாப்புடுறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

பனிவண்டியில் இரண்டு பேரும் போனோம். நானும் வண்டியும் காருக்குப் பக்கத்தில் போனால் ஐஸ் தாங்காது, அதனால் வளைவு தொடங்குகிற இடத்தில் நான் நிற்பது, அவன் மட்டும் நடந்து போவது என்று பேச்சு. வண்டியில் கயிறு இருந்தது, யாராவது ஐஸில் விழுந்தால் எறிய. நான் எப்போதும் வைத்திருப்பேன்.

"மரத்த ஒட்டியே போ. மரத்த விட்டு வெலகாத" என்றேன். எல்லாரிடமும் வருடா வருடம் சொல்வதுதான். அந்த நேரத்தில் அதில் ஒரு பொய்யும் இல்லை. மரங்கள் அவற்றின் இடத்தில்தான் இருந்தன. அவன் வளைவைச் சுற்றிக்கொண்டு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தான். கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஷெரிஃப், அந்தக் கதவுச் சத்தத்தை நான் தூக்கத்தில்கூடக் கண்டுபிடிப்பேன். பத்து வருடமாக அதை என்னைத் தவிர யாரும் திறந்ததில்லை.

அங்கேதான் எனக்கு என்னவோ ஆயிற்று. கோபமில்லை. அவன் அதில் உட்கார்ந்து, என் சீட்டில் உட்கார்ந்து, அதன் கடைசி உறுப்பையும் கழற்றுகிறான் என்று தோன்றிற்று. நட்டு இறுகியிருக்கும், நேரமாகும் என்றும் தோன்றிற்று.

எல்மர் உங்களிடம் மரங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். வளைவில் மரமே இல்லை, எல்லாம் ஆற்று வாய்க்குக் குறுக்கே நேராக இருந்தன என்று. அவர் சொன்னது சரி. வளைவை நான்தான் நேராக்கினேன்.

பெரிய வேலை இல்லை. ஏப்ரல் வெயிலில் துளைகள் இளகியிருந்தன, மரங்கள் கையோடு வந்தன. பனிவண்டி அகலமான பட்டையில் ஓடுவது. நிற்காமல் ஓட்டினால் மெல்லிய ஐஸும் தாங்கும். நடக்கிறவனின் பாரம் இரண்டு பாதத்தில் இறங்கும், அது வேறு. ஓரங்களில் நட்டேன், நடுவில் ஓட்டிக்கொண்டே இரண்டைத் தள்ளிவிட்டேன். வசந்தத்தில் மரங்கள் சாய்ந்து கிடப்பது வழக்கம்தான்.

"என்னண்ணே, வண்டி ஓடுது?" என்று மூடுபனிக்குள்ளிருந்து கத்தினான்.

"மரத்தப் புடுங்குறேன். வந்த வேலையோட அதையும் முடிச்சிடலாம்னு."

"நான் திரும்பி வர்றதுக்காச்சும் கொஞ்சத்த வுட்டு வைய்யா" என்று சிரித்தான். "வெளக்கப் போட்டு வை, ஒண்ணுமே தெரியல."

விட்டு வைத்தேன். அவன் கேட்டபடியே விளக்கையும் போட்டு வைத்தேன்.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். எழுதுங்கள், பரவாயில்லை. ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். வருடா வருடம் நாங்கள் ஒரு காரை ஐஸ்மேல் நிறுத்திவிட்டு, காபி குடித்துக்கொண்டே அது உள்ளே போவதற்குக் காத்திருக்கிறோம். போனதும் கைதட்டுகிறோம். யார் மூழ்கடித்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. ஐஸ் உருகிற்று என்கிறோம். நீங்களும் ஒரு சீட்டு வாங்கியிருக்கிறீர்கள், எல்மர் சொன்னார். என் காரை ஐஸ் பார்த்துக்கொள்ளட்டும் என்று கர்ட் விட்டான். நானும் அப்படித்தான் விட்டேன். தாங்கினால் தாங்கட்டும். தாங்கியிருந்தால் அவன் வந்திருப்பான், நாங்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்போம். நான் சத்தியம் செய்திருந்தேனே.

அவன் சீட்டியடித்துக்கொண்டு வந்தான். முதலில் சத்தம்தான் கேட்டது, அப்புறம் நிழல் மாதிரி ஆள் தெரிந்தான். ஸ்டீரிங்கைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினான். ஒரு மரத்தைத் தாண்டினான், சாய்ந்து கிடந்த மரத்தையும் தாண்டினான். நில் என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அதை நான் மறைக்கவில்லை. வாய் வரவில்லை. பனிவண்டியில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். காரை ஜன்னலில் பார்த்துப் பார்த்து அப்படியே பழகிப்போயிருந்தது.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. இடுப்பு வரைக்கும் ஒரே இறக்கமாக இறங்கினான், அப்புறம் மார் வரைக்கும். இறங்கும்போதே கையிலிருந்ததை என்னை நோக்கி ஐஸ்மேல் தள்ளிவிட்டான். அது சுழன்றுகொண்டே வந்து என் கட்டைக்காலில் இடித்து நின்றது.

"அண்ணே, அதுக்கு ஒண்ணும் ஆகலியே?" என்றான். முதலில் அதைத்தான் கேட்டான். அப்புறம்தான், "கயிறு, அண்ணே. கயிறப் போடு" என்றான்.

விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிடிக்கப் பிடிக்க அது உடைந்து உடைந்து வந்தது. என்னைப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் அவனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன், ஏனென்றால் கயிறு கேட்பதை நிறுத்திவிட்டு "அண்ணே, அண்ணே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். அழுதானா என்று தெரியவில்லை, முகமெல்லாம் ஈரம். அவன் அழுதால் எனக்குத் தாங்காது என்பதால் நான் அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

கார் இன்னும் நிற்கிறது, வரும்போது பார்த்தேன். கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. வண்டிக் கயிறு பக்கத்திலேயே இருந்ததே, ஏன் எறியவில்லை என்று எல்மரும் கேட்டார், மார்லிஸும் கேட்டாள், இப்போது நீங்களும் கேட்கிறீர்கள். ஒற்றைக்கால் மனிதனால் என்ன முடியும் என்று ஒருவரும் யோசிப்பதில்லை. ஸ்டீரிங்கைக் குனிந்து எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். கயிற்றை நான் எந்தக் கையால் எறிவது, நீங்களே சொல்லுங்கள்.